மின்காந்தப் பூட்டும் அதன் பயனும்



வீடு என்று ஒன்று அமைந்த நாள் முதலாகக் கதவும், கதவு என்று ஒன்று அமைந்த நாள் முதலாகத் தாழும் இருந்து வருகின்றன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளை அறிந்தோருக்கு அவற்றின் தலைவாசற் கதவுகளைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாரமான இரட்டைக் கதவு, உட்புறத்தே குறுக்காக விழும் மரத்தாழ், அறையின் மூலையில் நகையும் உறுதியும் வைக்கும் பெட்டகம், அப்பெட்டகத்தின் திறப்பை இடுப்பிற் செருகிக் கொண்ட வீட்டுத் தலைவி. இவை யாவும் நம் முன்னோர் வாழ்வில் ஒன்றியிருந்தவை. அதே மக்கள் தெருவோரத்தில் வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கென்று கூரையிட்ட சங்கடப்படலையையும் அமைத்தனர். ஒரே வளவுக்குள் பொருளைக் காக்கும் பூட்டும் இருந்தது. மனிதரை வரவேற்கும் படலையும் இருந்தது.

பூட்டுத் தொழிலும் நெடுங்காலமாக வளர்ந்து வந்துள்ளது. தமிழகத்திலே திண்டுக்கல் நகரம் கைவினைப் பூட்டுக்குப் பெயர் பெற்றது. மாங்காய் வடிவிலே அங்கு செய்யப்படும் பூட்டுகளை அறியாதார் சிலரே. 2019ஆம் ஆண்டில் திண்டுக்கற் பூட்டுக்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. மேல்நாட்டிலே லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டில் ஆக்கிய ஊசிப் பூட்டு, இன்று உலகெங்கும் வீட்டுக் கதவுகளில் உள்ளது. ஆமைப்பூட்டாயினும் சரி, யேல் பூட்டாயினும் சரி, இவற்றின் இயல்பு ஒன்றே. ஓர் இரும்புத் துண்டு ஒரு துளையினுள் நுழைந்து தடுத்து நிற்கின்றது. அதற்குரிய திறப்பு வந்தாலன்றி அஃது அசைவதில்லை.

இன்று நான் கூறவிருப்பது வேறு வகையான பூட்டு. அதிலே திறப்பு இல்லை, நுழையும் தாழும் இல்லை, துளையும் இல்லை. மின்சாரத்தால் உண்டாகும் காந்தமே கதவைப் பற்றிக் கொள்கின்றது. மின்காந்தப் பூட்டு என்பது அதன் பெயர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வங்கிகள், அலுவலகங்கள், கணினிக் கூடங்கள் ஆகியவற்றின் கண்ணாடிக் கதவுகளிலே, மேல் விளிம்பை ஒட்டி, ஒரு சாண் நீளமுள்ள வெள்ளி நிறப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதை நேயர்களுட் பலர் கண்டிருத்தல் கூடும். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பிள்ளைகளின் தொடர்மாடி வீடுகளுக்குச் சென்று வந்த பெற்றோர், அட்டையைக் காட்டியதும் கதவு திறப்பதைக் கண்டு வியந்திருப்பார்கள். அப்படித் திறக்கும் கதவுகளுட் பலவற்றில் இருப்பது இதுவே.

வானொலியிலே படம் வரைந்து காட்ட இயலாது. ஆயினும் எங்கள் பாடசாலைகளில் மாணவர் செய்யும் ஓர் எளிய சோதனையை நினைவிற் கொண்டால் போதும். ஓர் இரும்பாணியை எடுத்து, அதன் மேல் காப்பிட்ட செப்புக் கம்பியை நெருக்கமாகப் பல சுற்றுச் சுற்றுங்கள். கம்பியின் இரு முனைகளையும் ஒரு மின்கலத்தோடு தொடுத்தால், ஆணி காந்தமாகி, குண்டூசிகளை இழுத்துக் கொள்ளும். தொடுப்பை நீக்கியவுடன் ஊசிகள் உதிர்ந்து விழும். மின்னோட்டம் உள்ளவரை காந்தம். ஓட்டம் அற்றால் வெறும் ஆணி. மின்காந்தப் பூட்டின் தத்துவம் முழுவதும் இவ்வளவே.

இந்த உண்மை உலகுக்குத் தெரிந்து இரு நூற்றாண்டுகளுக்குச் சற்று மேலாகின்றது. 1820ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட், கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அருகிலிருந்த திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் கண்டார். 1825ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே வில்லியம் ஸ்டர்ஜன் என்பவர் லாட வடிவான இரும்பில் கம்பியைச் சுற்றி முதலாவது மின்காந்தத்தைச் செய்து காட்டினார். ஏழு அவுன்ஸ் நிறையுள்ள அவ்விரும்பு ஒன்பது இறாத்தலைத் தூக்கி நின்றது. பின்னர் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்ற ஆசிரியர், கம்பிக்குப் பட்டுநூலாற் காப்பிட்டு நெருங்கச் சுற்றும் முறையைக் கையாண்டு, 1831இல் யேல் கல்லூரிக்கென ஆக்கிய மின்காந்தம் 2,000 இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கியது. சுற்றுகள் மிகுந்தால் காந்தம் வலுக்கும் என்பதை அவர் செய்து நிறுவினார்.

இந்த ஆண்டுக் கணக்கிலே எங்கள் ஊரவர்க்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு. எர்ஸ்டெட்டின் கண்டுபிடிப்புக்கும் ஸ்டர்ஜனின் காந்தத்துக்கும் இடைப்பட்ட 1823ஆம் ஆண்டிலேதான் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமாரின் செமினரி தொடங்கிற்று. டேனியல் பூவர் அதன் முதல் அதிபராயிருந்தார். 1855இல் மூடப்படும் வரையில் கணிதமும் வானசாத்திரமும் இயற்கைத் தத்துவம் என அக்காலத்தில் வழங்கிய பௌதிகமும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1872இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி உருவாயிற்று. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்ல முடியுமா என்று ஐயுறுவோருக்கு இம்மண் அன்றே விடையிறுத்து விட்டது.

இனிப் பூட்டின் அமைப்பைக் காண்போம். அதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று கதவு நிலையின் மேற்சட்டத்தில் அசையாமற் பொருத்தப்படும் மின்காந்தம். மற்றது அதற்கு நேராகக் கதவிலே பொருத்தப்படும் இரும்புத் தகடு. மின்காந்தத்தின் உள்ளே மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த கருவும், அதனைச் சூழ்ந்த செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. கருவுக்குக் கடினமான உருக்கைக் கொள்வதில்லை. கடினமான உருக்கு ஒருமுறை காந்தமானால் ஓட்டம் நின்ற பின்னும் காந்தத்தை வைத்துக் கொள்ளும். தேனிரும்பு போன்ற மெதுவான இரும்போ உடனே ஏற்று உடனே விட்டுவிடும். பூட்டுக்கு வேண்டிய குணம் அதுவே. எஞ்சி நிற்கும் சிறு காந்தத்தினாலும் கதவு ஒட்டிக் கொள்ளாதிருக்கும்படி, தகட்டைச் சற்றே தள்ளிவிடும் சிறு முளை ஒன்றையும் சில பூட்டுகளில் வைத்திருப்பார்கள்.

கதவிலுள்ள தகட்டை இறுக்கமாக முடுக்கிவிடுவதும் கிடையாது. அதன் பின்னே இறப்பர் வளையம் ஒன்றை இட்டுச் சிறிது ஆடும்படி விடுவார்கள். காரணம் யாதெனில், தகடும் காந்தமும் முகத்தோடு முகம் முழுவதும் பொருந்தினாலன்றிப் பிடி வலுப்பெறாது. கதவு சற்றுச் சாய்ந்து மூடினாலும் தகடு தானே திரும்பி ஒட்டிக் கொள்வதற்கு இந்த ஆட்டம் உதவுகின்றது.

வழங்கும் மின்சாரம் 12 அல்லது 24 வோல்ற்று நேரோட்டமாகும். வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை அப்படியே கொடுத்தால், ஓட்டம் திசை மாறும் ஒவ்வொரு கணமும் பிடி தளர்ந்து தகடு அதிரும். ஆதலால் அதனைக் குறைத்து, நேரோட்டமாகச் சீராக்கியே கொடுக்கின்றார்கள். 12 வோல்ற்றுப் பூட்டு ஒன்று ஏறத்தாழ அரை அம்பியர் ஓட்டத்தைக் கொள்ளும். அஃதாவது 6 உவாற்று. ஒரு சிறிய மின்குமிழின் செலவு. நாள் முழுவதும் இயங்கினாலும் மாதம் ஒன்றுக்கு நாலரை அலகுக்கு மேற் போகாது. இவ்வளவு சிறிய ஓட்டம் உண்டாக்கும் பிடியோ வியக்கத்தக்கது. சாதாரண வகைப் பூட்டு 600 இறாத்தல், அஃதாவது 270 கிலோகிராம் அளவான இழுவையைத் தாங்கும். ஐந்து சீமெந்து மூடைகளின் பாரத்துக்கும் மேற்பட்டது அது. பெரிய வகை 1,200 இறாத்தலைத் தாங்கும். ஓர் ஆள் தனியே தோள் கொடுத்துத் தள்ளியோ இழுத்தோ இதனை வெல்லுதல் அரிது.

ஆனால் இந்த வலிமையெல்லாம் ஒட்டி நிற்கும் வரைக்கும்தான். காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு தாளின் பருமன் இடைவெளி ஏற்பட்டாலும் பிடி பெரிதும் குறைந்துவிடும். காற்று, காந்த விசைக்கு இரும்பைப் போல் நல்ல வழியன்று. ஆகையால் கதவைத் தானே மூடச் செய்யும் வில்லமைப்பு ஒன்றும் கூடவே வேண்டும். தொலைவிலுள்ள கதவை இப்பூட்டு இழுத்து மூடாது. மூடிய கதவையே பற்றும்.

அப்படியாயின் யாருக்குத் திறப்பது, யாருக்குத் திறவாதிருப்பது என்பதை எது முடிவு செய்கின்றது? காந்தத்துக்கு ஆளறியும் அறிவு இல்லை. கதவருகே சுவரிலுள்ள வேறொரு கருவி அப்பணியைச் செய்கின்றது. இலக்கத்தை அழுத்தியோ, அட்டையைக் காட்டியோ, விரலடையாளத்தை வைத்தோ தம்மை அறிவிப்போர் உரியவர்தாமா என்று அக்கருவி ஒப்புநோக்கும். உரியவராயின் சில விநாடிகளுக்கு மின்னோட்டத்தைத் துண்டிக்கும். பிடி விட்டவுடன் கதவு திறக்கும். உள்ளிருந்து வெளியேறுவோருக்கு அட்டை வேண்டியதில்லை. சுவரிலுள்ள ஓர் ஆளியை அழுத்தினாற் போதும்.

இதனால் விளையும் நன்மைகள் சிலவற்றை எண்ணிப் பாருங்கள். முதலாவது, அசைந்து தேயும் உறுப்பு பூட்டினுள் இல்லை. வில் முறிவதும் தாழ் சிக்குவதும் திறப்பு உடைந்து துளையில் அகப்படுவதும் நேர்வதில்லை. இரண்டாவது, திறப்பு தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். அட்டை தொலைந்தால் அந்த ஓர் அட்டையின் பதிவை நீக்கினால் போதும். பதவி மாறிச் சென்றவரிடம் திறப்பின் பிரதி இருக்குமோ என்ற ஐயத்துக்கும் இடமில்லை. மூன்றாவது, பல கதவுகளை ஓரிடத்திலிருந்தே ஒருசேர ஆளலாம். நான்காவது, எவர் எப்பொழுது வந்தார் என்ற குறிப்பும் கருவியிலே பதிந்திருக்கும். இரவு நேரத்திற் பொருள் காணாமற் போனால், ஏழைக் காவலாளியின் மேல் முதலிற் சந்தேகங் கொள்ளும் வழக்கத்துக்கு இக்குறிப்பு ஓரளவேனும் முடிவு கட்டும்.

இவற்றைவிடச் சிறந்த நன்மை ஒன்று உண்டு. அதனை விளங்கிக் கொள்வதற்கு இப்பூட்டுப் பிறந்த வரலாறு துணை செய்யும். கனடாவின் மொன்றியல் நகரில் ஃபோரம் எனப்படும் பேராட்டரங்கு ஒன்று இருந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடும் அவ்வரங்கின் கதவுகளைப் பூட்டி வைப்பது தீ விபத்தின்போது பேராபத்தாகும் என்று அந்நகரத் தீயணைப்பு அதிகாரிகள் கருதி, தீக்காலத்தில் இடர் செய்யாத பூட்டொன்றைத் தேடுமாறு பணித்தனர். சம்னர் சஃபிர்ஸ்டீன் என்பவர் 1969ஆம் ஆண்டில் அதற்கு விடை கண்டார். கட்டடங்களில் கதவுகளைத் திறந்தபடி பிடித்து வைப்பதற்கு முன்னரே மின்காந்தங்கள் வழக்கில் இருந்தன. அவற்றையே வரிசையாக அடுக்கி, கதவை மூடியபடி பிடிக்கச் செய்தார் அவர். இன்றைய மின்காந்தப் பூட்டின் தொடக்கம் அதுவேயாகும். தீ அறிவிப்பு ஒலித்தால் மின்னோட்டம் நிற்கும். மின்னோட்டம் நின்றால் எல்லாக் கதவுகளும் ஒரே கணத்தில் விடுபடும். திறப்பைத் தேடி ஓட வேண்டியதில்லை. திறப்பு வைத்திருப்பவரைத் தேடவும் வேண்டியதில்லை.

இச்செய்தி சிறியது போலத் தோன்றலாம். ஆனால் பூட்டிய கதவின் பின்னே மாண்டவர்களை நினைத்தால் அதன் பெருமை விளங்கும். 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி நியூயோர்க் நகரில் ட்ரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது 146 தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம் பெண்கள். வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தமை அவ்வழிவுக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. தொலைதேசம் என்று எண்ண வேண்டாம். பாக்கு நீரிணைக்கு அக்கரையில், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியிலே, 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆந் திகதி விடியற்காலையில் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. 28 நோயாளர் மாண்டனர். அவர்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். காப்பதற்கென்று பூட்டியவர்கள் கைக்கு அந்தச் சங்கிலிகளை அவிழ்க்க நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே பூட்டுக்கு இரண்டு கடமைகள் உண்டு என்று நாம் கொள்ளுதல் வேண்டும். அயலாரை உள்ளே விடாதிருத்தல் ஒன்று. உள்ளிருப்போரை வெளியே விடுதல் மற்றொன்று. நாம் பூட்டு வாங்கும்போது முதலாவது கடமையை மட்டுமே சோதிக்கின்றோம். எத்தனை நெம்புகோல், எவ்வளவு பருமன் என்று கேட்கின்றோம். இரண்டாவது கடமையைப் பற்றிக் கடைக்காரரிடம் ஒரு வினாவேனும் எழுப்புவோர் அரியர். எங்கள் பாடசாலைகளிலும் விடுதிகளிலும் யன்னல்களுக்கு இரும்புக் கம்பி, வாயிலுக்கு இரும்புப் படலை, அதற்கு ஆமைப்பூட்டு, பூட்டின் திறப்பு அதிபரின் மேசை இழுப்பறையில் என்றவாறு அமைவது வழக்கம். பொருளுக்கு அது காவல்தான். உள்ளே பிள்ளைகள் இருக்கும் வேளையில் அதுவே அவர்களைச் சிறைப்படுத்தும் என்பதையும் அதிபராயிருப்போர் மறத்தலாகாது.

மின்காந்தப் பூட்டைப் புகழ்ந்துரைத்த வாயினாலேயே அதன் குறைகளையும் கூறுதல் முறை. மின்சாரம் அற்றவுடன் திறந்து விடுவது தீக்காலத்தில் அருங்குணம்; மின்வெட்டுக் காலத்தில் அதுவே குறை. மின்வெட்டு என்றால் என்னவென்று குடாநாட்டு மக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990இல் மீண்டும் போர் மூண்ட பின்னர் பல ஆண்டுகள் நாம் மின்சாரமின்றி வாழ்ந்தோம். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, சில்லைச் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தால் வானொலி கேட்ட காலம் அது. மின்சாரத்தாற் காந்தம் உண்டாதல் எர்ஸ்டெட் கண்டது. காந்தத்தால் மின்சாரம் உண்டாதல் 1831இல் மைக்கேல் ஃபரடே கண்டது. அந்த இரண்டாவது உண்மையைக் கிராமந்தோறும் சிறுவர்கள் கைகளாலே சுழற்றி அறிந்தனர். 2022ஆம் ஆண்டிலும் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் மின்சாரம் தடைப்பட்டது.

இதற்கு மாற்று, பூட்டோடு மின்கலம் ஒன்றையும் இணைத்து வைத்தலாகும். 7 அம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள சிறு மின்கலம், அரை அம்பியர் கொள்ளும் பூட்டைக் கணக்கின்படி 14 மணித்தியாலம் தாங்கும். அட்டை பார்க்கும் கருவியும் அதிலிருந்தே ஓட்டத்தைப் பெறுவதாலும், மின்கலம் நாளடைவில் தளர்வதாலும், உண்மையிற் கிடைப்பது அதனிலும் குறைவே. எனவே மின்கலத்தைக் காலந்தோறும் சோதித்து மாற்றுதல் இன்றியமையாதது. கம்பியை அறுத்தாலும் பூட்டு விடுபடுமாதலால், மின்காந்தம், கம்பி, மின்கலம் ஆகிய மூன்றும் கதவின் உட்புறத்திலேயே, வெளியார் கை எட்டாதபடி அமைதல் வேண்டும்.

எங்கள் பகுதிக்கே உரிய வேறு இரண்டு எச்சரிக்கைகளும் உள. குடாநாட்டின் எப்பகுதியும் கடலுக்கு நெடுந்தூரமன்று. உப்புக் காற்று இரும்பை அரித்துத் துருவேற்றும். துரு ஏறிய தகடு காந்தத்தோடு ஒட்டாது. செம்மண் தூசியும் அவ்வாறே. வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் இரு முகங்களையும் துடைத்தல் நன்று. அடுத்தது, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கதவுக்கு மை பூசும்போது, தொழிலாளர் தகட்டுக்கும் சேர்த்துப் பூசிவிடுவர். மெல்லிய மைப் பூச்சும் இடைவெளியே. 270 கிலோகிராம் தாங்கிய பூட்டு அதன்பின் அவ்வளவைத் தாங்காது.

இவையெல்லாவற்றையும் சீர்தூக்கின், மின்காந்தப் பூட்டு எவ்விடத்துக்கு ஏற்றது என்பது தெளிவாகும். பகல் முழுவதும் பலர் வந்து போகும் அலுவலகம், கணினிக் கூடம், நூலகம், மருத்துவமனையின் உட்பகுதி ஆகியவற்றுக்கு அது மிகப் பொருத்தமானது. ஆளில்லாத இரவிலே பொருளைக் காப்பதற்கு அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. பழைய திறப்புப் பூட்டையும் வெளிவாயிலிற் சேர்த்துப் போடுக. பணப் பெட்டகத்துக்கும் வினாத்தாள் அறைக்கும் மின்சாரம் நின்றாலும் மூடியே இருக்கும் வேறு வகைத் தாழ்கள் உண்டு. அங்கே அவையே ஏற்றன.

எவ்வகைப் பூட்டாயினும் வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். மின்சாரம் நின்றால் இக்கதவு என்ன செய்யும்? தீப்பிடித்தால், உள்ளே இருக்கும் சிறு பிள்ளை ஒன்று பிறர் உதவியின்றி இதனைத் திறக்க வல்லதா? திறப்பு அல்லது அட்டை வைத்திருப்பவர் ஊரில் இல்லாத நாளில் யார் பொறுப்பு? மின்காந்தப் பூட்டைப் பொருத்துபவராயின், தீ அறிவிப்போடு அதனை இணைத்துத் தரும்படியும், ஓட்டத்தை நேரே துண்டிக்கும் அவசர ஆளி ஒன்றைக் கதவின் உட்புறத்தில் வைக்கும்படியும் வற்புறுத்துங்கள். பொருத்திய பின் ஒரு நாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கதவு உண்மையாகவே விடுபடுகின்றதா என்று கையினாலே தள்ளிப் பாருங்கள். பாடசாலைகளில் இச்சோதனையை மாணவர் முன்னிலையிலேயே செய்யலாம். பௌதிக பாடம் ஒன்று கற்பித்ததாகவும் முடியும். ஆபத்து நேர்ந்தால் எவ்வழியாக வெளியேறுவது என்பதைப் பிள்ளைகள் அறிந்ததாகவும் முடியும்.